தும்பறைச் சாலையில் வழிப்போக்கர்

மழை பொய்த்த ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் தாழும்போது, பழைய தெல்தெனிய நகரத்தின் எச்சங்கள் சேற்றுக்கு மேலே தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு வந்து அவற்றைப் பார்க்கின்றனர். 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்ட அணை மகாவலி கங்கையின் நீரைத் தேக்கியபோது, மெததும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களோடும் வீடுகளோடும் இந்தச் சிறு நகரமும் நீருக்குள் இறங்கியது. நகரத்தை மேட்டில் புதிதாக அமைத்தார்கள். நிலமிழந்த குடிகளிற் பலர் மகியங்கனைப் பக்கத்துக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது; ஒரு பழைய வழித்தங்கல் ஊர் சரித்திரத்தினின்றும் மறைந்தது.

வழித்தங்கல் ஊர் என்பதைச் சிறிது விளக்க வேண்டும். கண்டியிலிருந்து கிழக்கே புறப்படும் பாதை குண்டசாலை, திகன, தெல்தெனிய என்று தும்பறைப் பள்ளத்தாக்கைக் கடந்து, ஹுன்னஸ்கிரிய மலையேறி, பதினெட்டு வளைவுகளில் இறங்கி மகியங்கனைச் சமவெளியை அடைகிறது. அதற்கு அப்பால் மட்டக்களப்புக் கடற்கரை. மலைநாட்டு இராச்சியத்தைக் கீழைக் கடலோடு பிணைத்த பழைய திசைவழி இதுவே. 1602ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற் கரையிறங்கிய ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன், மகியங்கனை வழியாகவே கண்டிக்கு வந்து மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டான். தூதுவர்களின் பயணம் ஏடுகளில் ஏறிவிட்டது. உப்பும் கருவாடும் சுமந்து இத்திசையில் நடந்த ஆயிரமாயிரம் உழைப்பாளிகளின் பயணத்தை எழுதி வைத்தவர் எவருமில்லை.

தெல்தெனிய என்ற பெயரை உலகம் அறிய நேர்ந்தது 2018ஆம் ஆண்டில். அது பெருமைக்குரிய அறிமுகமன்று. சாலையில் நிகழ்ந்த ஒரு வாகனத் தகராறு, ஒரு லொறிச் சாரதியின் உயிரைக் குடித்து, பின்னர் கண்டி மாவட்டமெங்கும் தீயாகப் பரவியது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத மனிதர்கள் தொழில் நிமித்தமாக ஒரே சாலையிற் சந்திப்பது இன்று தொடங்கிய காரியமன்று. முந்நூறு, நானூறு ஆண்டுகளாக அந்தச் சந்திப்பு எப்படி நடந்தது? அந்நியன் ஒருவனை நம்புவதற்கு அன்றைய மக்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? அந்த ஆதாரம் எங்கே, எப்போது அறுந்தது? இக்கேள்விகளை எழுப்பாமல் 2018ஐ விளங்கிக்கொள்ள முடியாது.

முதலில் தவளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதியெருதுகளின் வரிசைக்குத் தவளம் என்று பெயர். வண்டிச் சக்கரம் உருள முடியாத மலைப்பாதைகளில், எருதின் இருபுறமும் பொதியைத் தொங்கவிட்டு, மணியோசையோடு தவளக்காரர் நடந்தனர். கண்டி இராச்சியம் கரையோரத்தை ஐரோப்பியரிடம் இழந்துவிட்ட நாடு. மலைநாட்டிற் பாக்கு விளைந்தது, மிளகு விளைந்தது. ஆனால் உப்பு விளையவில்லை. உப்பின்றி எந்த இராச்சியமும் உயிர் வாழாது. ஆகவே பாக்கைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைக்கு ஏற்றிய தவளக்காரன் அந்தச் சமுதாயத்தின் இன்றியமையாத உறுப்பினனாக இருந்தான். இந்தப் போக்குவரத்தை நிர்வகிக்க மடிகே என்றொரு தனிப் பகுதியை மன்னர்கள் வைத்திருந்தனர். அதில் முஸ்லிம்கள் பெரும் பங்கு கொண்டிருந்தார்கள்.

இந்த முஸ்லிம்கள் கடற்கரையில் போர்த்துக்கீசரின் கொடுமைக்குத் தப்பி உள்நாட்டுக்கு வந்தவர்கள். 1626ஆம் ஆண்டையொட்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். வேறு பலர் கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் நிலம் பெற்றனர். வீட்டில் தமிழ் பேசினார்கள். வயலிலும் சந்தையிலும் சிங்களம் பேசினார்கள். அயலிலுள்ள சிங்களக் குடும்பங்களைப்போலவே ‘கெதர’ என முடியும் பரம்பரைப் பெயர்களைத் தரித்துக்கொண்டனர். அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தனர். குருநாகல் பக்கத்து ரிதி விகாரையின் பிக்குகள், தங்கள் விகாரை நிலத்தின் ஒரு பகுதியை அங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் லெப்பையைப் பராமரிப்பதற்கென ஒதுக்கிக் கொடுத்தனர். மத சகிப்புத்தன்மை என்ற அழகிய சொல்லால் இதனை வருணிப்பது வழக்கம். அச்சொல் பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று. சகிப்புக்கு அடியில் உப்பும் பாக்கும் இருந்தன. வந்தவனின் தொழில் இன்னதென்று இருந்தவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொழில் இருவருக்கும் தேவைப்பட்டது.

தொழில் ஒருவனுக்கு எப்படி முகமாகிறது என்பதற்கு மற்றொரு சான்றும் இம்மலைநாட்டிலேயே உண்டு. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட ஆங்கிலக் கப்பலோட்டிகளுள் ஒருவன் ராபர்ட் நாக்ஸ். பத்தொன்பது வயது இளைஞன். மன்னனின் ஆணைப்படி கிராமங்களிற் பங்கிட்டு வைக்கப்பட்ட அக்கைதிகளுக்குக் கிராமத்தவர் சோறிட்டனர். சில காலத்தின் பின் கைதிகள் நூல்தொப்பி பின்னி விற்கத் தொடங்கினர். நாக்ஸ் மூட்டையைத் தோளிலிட்டு ஊர் ஊராகச் சென்று சில்லறைச் சாமான்கள் விற்றான். அதுவரை கைதியாகவும் அந்நியனாகவும் இருந்தவன், வியாபாரியாக மாறிய நாள் முதல் எந்த வாசலிலும் நின்று பேசக்கூடியவனானான். வழி கேட்டான், விலை கேட்டான், கேட்ட கேள்விகளால் வடக்கே செல்லும் பாதைகளை மனத்தில் வரைந்துகொண்டான். உலர்ந்த இறைச்சி வாங்கப் போவதாகச் சொல்லி அனுராதபுரம் வரை சென்று, மல்வத்து ஓயாக் கரையோடு நடந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அவன் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூல் இன்றும் கண்டி இராச்சியத்தின் வாழ்க்கைக்கு முதன்மையான சாட்சியமாக விளங்குகிறது. மூட்டை சுமந்து விற்றவன் கண்ட கிராமம், தூதுவர்கள் கண்ட அரண்மனையைவிட ஆழமானதாக இருந்ததே அதற்குக் காரணம்.

ஆனால் தொழிலால் விளையும் அறிமுகம் வெறுங்காற்றில் நிலைக்காது. அதற்கு இடம் வேண்டும், நிழல் வேண்டும், நீர் வேண்டும். கண்டி நாட்டின் பாதையோரங்களில் அம்பலங்கள் இருந்தன. கற்களின் மேல் கனத்த மரச்சட்டங்களைக் கிடத்தி, தூண் நாட்டிக் கூரை வேய்ந்த, சுவரில்லாத சிறு மண்டபங்கள் அவை. குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டியவில் உள்ள மரச்சிற்ப அம்பலமும், கொழும்பு வீதியில் கடுகண்ணாவையிலுள்ள அம்பலமும் இன்றும் காணக் கிடைக்கின்றன. வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்கும், அயலிலுள்ள கிராமத்தவர் மாலையிற் கூடிப் பேசுவதற்கும் அதே திண்ணைதான். வந்தவனும் இருந்தவனும் எதிரெதிரே உட்காரும் அமைப்பு அது. பாதையோரத்திலே புண்ணியத்துக்கென நீர்ப்பானை வைக்கும் வழக்கமும் இருந்தது. அதனைச் சிங்களத்திற் பின்தாலிய என்பர்.

நமது யாழ்ப்பாணத்திலும் இதே நாகரிகத்தைக் காணலாம். பருத்தித்துறையில் வீதியையே உள்ளடக்கிக் கட்டப்பட்ட தெருமூடிமடம், தண்ணீர்ப்பந்தல், கால்நடைகள் உடம்பை உரசிக்கொள்ள நாட்டிய ஆவுரோஞ்சிக்கல், தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி ஆகியவை அந்த மரபின் சின்னங்கள். சுமைதாங்கியைப் பற்றிச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பாரமான தலைச்சுமையை ஒருவன் தனியே நிலத்தில் இறக்கிவிட்டால், மீண்டும் தூக்கித் தலையில் வைக்க இன்னொருவனின் கை வேண்டும். ஆளில்லாத வழியில் அந்த இன்னொருவனின் கையாக நிற்பதே தோளுயரக் கல். முகம் தெரியாத மனிதனுக்கு முன்கூட்டியே நீட்டப்பட்ட கை அது. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளை நினைந்து, பிறர் சுமையை இறக்க வழி செய்தனர்.

இந்தக் கலப்பின் தடம் மொழியிலும் பதிந்திருக்கிறது. தமிழின் அம்பலம் சிங்களத்தில் அம்பலம ஆயிற்று. கடை கடே ஆயிற்று. சல்லி சல்லியாகவே நின்றது. கூலி, வாடகையையும் குறிக்கும் குலிய ஆயிற்று. அக்கா இரு மொழியிலும் அக்காவே. நாம் பெரியவரை மரியாதையாக ஐயா என்று விளிக்கிறோம். அவர்களோ அண்ணனை அய்யா என்று அழைக்கிறார்கள். பேருந்திலும் சந்தையிலும் பெயர் தெரியாதவரை அண்ணனாகவும் தம்பியாகவும் மாமனாகவும் பாவித்து அழைக்கும் பழக்கம் இரு சமூகத்துக்கும் பொதுவானது. இச்சொற்களைப் பண்டிதர் சபை எதுவும் கூடிப் பரிமாறிக் கொள்ளவில்லை. விற்றவனும் வாங்கியவனும், சுமந்தவனும் சுமத்தியவனும் நடுவழியிற் பரிமாறிக் கொண்டார்கள்.

இதனாற் பழங்காலம் பொற்காலம் என்று எவரும் கொள்ளலாகாது. அம்பலத்துத் திண்ணையில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. கண்டி நாட்டில் ரொடியர் என ஒதுக்கப்பட்ட மக்கள் வீட்டு வாசல்களைக்கூட மிதிக்க முடியாதிருந்தனர். யாழ்ப்பாணத்து மடங்களும் கிணறுகளும் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன என்பதை நாம் அறிவோம். தேநீர்க் கடையில் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து ஒரு குவளை தேநீர் அருந்தும் உரிமைக்காக 1950களிலும் 1960களிலும் அங்கே போராட வேண்டியிருந்தது. வழிப்போக்கனுக்குத் தண்ணீர் வைத்த அதே சமுதாயம், அயல்வீட்டானுக்குத் தண்ணீர் மறுத்தது. புண்ணியத்துக்காகச் செய்யும் உபசாரம் உரிமையாகிவிடாது. என்றாலும், தொழிலால் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் ஒரு வாசல் அன்று திறந்திருந்தது. அதை அடைத்தது எது?

அடைத்ததில் முதற் பங்கு பெருந்தோட்டத்துக்கு உரியது. 1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் முளைத்தன. பின்னர் தும்பறை மலைகளிலும் காடு அழிந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் காட்டுவழி. கொலராவும் அம்மையும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. அரசாங்கம் அவ்வழியில் தங்குமிடங்களும் வைத்தியசாலைகளும் அமைக்க அக்கறை காட்டியது பல ஆயிரம் உயிர்கள் போன பின்னரே. வேலை தேடிப் பயணம் வந்தவர்களில், இத்தீவின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய கூட்டம் இவர்கள். ஆனால் தவளக்காரனுக்குக் கிடைத்த அறிமுகம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏன்? கிராமத்தவன் கொடியவனாக இருந்தானா? அல்ல. தோட்டம் என்ற அமைப்பே சந்திப்பை விலக்கி வைக்கும் அமைப்பு. தவளக்காரன் கிராமத்தின் நடுவே நடந்தான். தோட்டத் தொழிலாளி கங்காணியின் பின்னே நடந்து லயத்துக்குள் அடைபட்டான். அவன் பறித்த கோப்பியும் பின்னர் தேயிலையும் அயற்கிராமத்துக்குப் போகவில்லை, லண்டனுக்குப் போயின. கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கேட்க முடியாத நிலை 1921ஆம் ஆண்டு வரை நீடித்தது. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த சிங்கள விவசாயி, நிலத்தைப் பறித்த துரையை அருகிற் காணவில்லை. அந்த நிலத்தில் கூலிக்கு நின்ற தமிழனைக் கண்டான். இவ்வாறு ஒருவரையொருவர் அறிய வேண்டிய இரு ஏழைகள், நூறாண்டு ஒரே மலையில் வாழ்ந்தும் அந்நியராகவே வாழ்ந்தனர். சந்தையிலும் வண்டிப் பாதையிலும் சில்லறைக் கொடுக்கல் வாங்கல் நடந்ததுண்டு. அது இப்பெரும் பிளவை மூடப் போதவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த அந்நியத்தை எழுத்திற் பொறித்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதர்களிற் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. நாடற்ற நிலை சட்டத்தில் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த வேலியைத் தாண்ட முயன்ற ஒருவனையும் தும்பறை மலைகள் கண்டிருக்கின்றன. 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத்துரையாகப் பயிற்சி பெற வந்தவன் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞன். மடுல்கெலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் அவன் வேலைக்கு அமர்ந்தான். தொழிலாளரை நடத்தும் முறையைக் கண்டு மனம் பொறாது அவர்கள் பக்கம் பேசினான், வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் துரைமாரின் கொடுமைகளை வெளிப்படையாகப் பேசினான். வெள்ளைத்துரை ஒருவன் வெள்ளைத்துரைமாரை எதிர்த்துப் பேசியதைத் தொழிலாளர் ஆரவாரித்து வரவேற்றனர். தேசாதிபதி அவனை நாடுகடத்த ஆணையிட்டார். அவன் மறைந்திருந்தான், பின் கொழும்பில் காலிமுகத் திடலில் திரண்ட மக்களின் முன் தோன்றினான். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 1937 மே மாதத்தில் நாடுகடத்தும் ஆணை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. தனியொரு மனிதன் பேசிய சில பேச்சுகளுக்கு ஓர் அரசாங்கமே ஏன் நடுங்கியது? தோட்டத்தின் அமைதி அந்நியத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. துரையும் தொழிலாளியும் மனிதராக ஒருவரையொருவர் அறிந்துவிட்டால் அக்கட்டடம் ஆடிவிடும் என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

வாசலை அடைத்த இரண்டாவது சக்தி விலைவாசியும் வதந்தியும். 1915ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இரவு, வெசாக் ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலைக் கடப்பது பற்றிய தகராறில் கண்டி நகரிலேயே கலவரம் வெடித்தது. விரைவில் தீவின் பல மாகாணங்களுக்கும் பரவியது. தாக்கப்பட்டோரில் முதன்மையானவர்கள் தென்னிந்தியக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த கரையோரச் சோனகர். நேற்று வரை அவர்கள் கிராமத்துக் கடைக்காரர்கள், பெயர் தெரிந்தவர்கள், கடன் கொடுத்தவர்கள். உலக யுத்தம் வந்தது. சாமான்களின் விலை ஏறியது. யுத்தத்தை நடத்திய ஏகாதிபத்தியம் கண்ணுக்குத் தெரியவில்லை; விலையைச் சொன்ன வாய் கண்முன் இருந்தது. கடைக்காரன் என்ற தொழிற்பெயர் உதிர்ந்து, அந்நியன் என்ற இனப்பெயர் மட்டும் அவன்மீது எஞ்சியது.

இப்போது 2018க்குத் திரும்புவோம். பெப்ரவரி 22ஆம் நாள் தெல்தெனியப் பகுதியில், வாகனம் செலுத்தியது சம்பந்தமான ஒரு தகராறில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் மாதத்தின் முதல் நாட்களில் வைத்தியசாலையில் அவர் உயிர் நீத்தார். தாக்கியதாகக் கைதானவர்கள் நால்வர். லொறிச் சாரதி யார்? பழைய தவளக்காரனின் வாரிசு. ஊருக்கு ஊர் சுமை கொண்டு செல்லும் உழைப்பாளி. அவருடைய மரணம் ஒரு குடும்பத்தின் பேரிழப்பு, ஒரு குற்றம், நீதிமன்றத்துக்கு உரிய காரியம். ஆனால் அந்தச் சாவை அப்படி இருக்கவிடவில்லை. மாண்டவரின் தொழில் மறைந்தது. அவர் சிங்களவர் என்பது மட்டும் பேசப்பட்டது. தாக்கியவர்கள் முஸ்லிம்கள் என்பது மட்டும் பேசப்பட்டது. மார்ச் 4, 5 நாட்களில் திகனவிலும் தெல்தெனியவிலும் தொடங்கிய தீ, கண்டியின் பிற ஊர்களுக்கும் தாவியது. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் சேதமாயின. எரிந்த வீடொன்றில் ஓர் இளைஞர் மாண்டார். மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. முகநூல் முதலான சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. அங்கே பரவிய வெறுப்புப் பேச்சைத் தடுக்கத் தவறியமைக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

இங்கே ஓர் உண்மையை உற்று நோக்க வேண்டும். வன்முறையில் இறங்கியவர்களுள் வெளியூர்களிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். அதேவேளை, அஞ்சி ஓடியவர்களுக்குக் கதவைத் திறந்தவர்களும் அப்பகுதியில் இருந்தார்கள். பிக்குகள் சிலரும் சிங்கள அயலவர்கள் பலரும் அவ்வாறு காத்து நின்றனர். இரு சாராரையும் பிரித்தது எது? ஒரு சாராருக்கு அந்த வீடு ‘முஸ்லிம் வீடு’. மற்றவர்களுக்கு அது கடைக்காரரின் வீடு, தையற்காரரின் வீடு, பிள்ளையோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வீடு. வதந்தி சுமந்து வருவது எப்போதும் இனப்பெயரைத்தான். தொழிலையும் பெயரையும் முகத்தையும் அறிந்தவனிடம் அந்த வதந்தி விலைபோவதில்லை.

ஆகவே வழிப்போக்கரின் உறவை நல்லெண்ணம் கொண்டோரின் தனிப்பட்ட குணமாக மட்டும் எண்ணிவிடலாகாது. அம்பலத்தைக் கட்டியவர் யாரோ ஒருவர். பானையில் நீர் நிறைத்தவர் யாரோ ஒருவர். கல்லை நாட்டியவர் யாரோ ஒருவர். அந்த உழைப்பு நின்றபோது உறவும் தேய்ந்தது. இன்றைய தும்பறைச் சாலையில் தவளத்துக்குப் பதிலாக லொறிகளும் பேருந்துகளும் விரைகின்றன. விரையும் வாகனத்தினுள் இருப்பவனுக்கு எதிரே வருபவன் மனிதனாகத் தெரிவதில்லை. வழிமறிக்கும் இரும்பாகத் தெரிகிறான். சாரதிகள் அஞ்சாது இளைப்பாற இடம் வேண்டும். சாலைத் தகராறை அன்றே நேர்மையாக விசாரிக்கும் பொலிஸ் வேண்டும். ஒருவன் மொழியில் மற்றவன் மன்னிப்புக் கேட்கவும் வழி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பள்ளிக்கூடமே கற்பிக்க வேண்டும். தோட்டத்து லயத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பொதுவான பாடசாலையும் சந்தையும் தொழிற்சங்கமும் வேண்டும். இவற்றில் எதுவும் எட்டாத கனவன்று. சக்கரம் உருளாத காலத்து மக்கள் தங்கள் சக்திக்கேற்ப இதனைச் செய்தார்கள். எல்லோருக்குமாகச் செய்யவில்லை என்பதே அவர்கள் குறை.

அடுத்த கோடையில் நீர் வற்றி, பழைய தெல்தெனியவின் எச்சங்கள் மீண்டும் வெளியே தெரியலாம். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அந்த இடிபாடுகளுக்கிடையே ஒரு கணம் நின்று, இந்த ஊருக்குள் வந்து போனவர்களை நினைத்துக் கொள்வார்களாக. உப்பு சுமந்தவன், தொப்பி விற்றவன், கொழுந்து பறித்தவள், லொறி ஓட்டியவர் என எல்லோரும் வயிற்றுப்பாட்டுக்காக வீட்டை விட்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது சிறிது நிழலும், ஒரு குவளை நீரும், சுமையைத் தூக்கிவிட ஒரு கையும்.